நீலக்கண்ணு நாய்க்குட்டியும் ரெண்டு ஊர் நாய்க்கதையும்

தேனி மாவட்டத்து நாய்களைப் பத்தி எழுதுறேன் எழுதுறேன்னு சொல்லி மாசக்கணக்கா இழுத்தடிச்சுட்டு இருந்தேன். கடைசில எழுத வச்சது போடிநாயக்கனூர் நண்பர் ஒருத்தரோட போன். மனுசருக்கு மலை மேல ஏலத்தோட்டம், கீழ போடியில வீடு.

"ஜோடியா ரெண்டு குட்டி பாத்து வச்சிருக்கேன்யா. சாம்பல்ல கருப்பு மையைத் தெளிச்ச மாதிரி நிறம். ஒண்ணுக்கு ரெண்டு கண்ணும் நீலம், இன்னொண்ணுக்கு ஒரு கண்ணு மட்டும் நீலம். மெர்லுன்னு சொல்றாய்ங்க. வளந்ததும் ஜோடி சேத்து விட்டா குட்டி பூராம் இதே நிறத்துல வந்துரும்ல?"

வராது. அதோட, நாலு குட்டிக்கு ஒரு குட்டி கண்ணோ காதோ இல்லாம பிறக்கிற ஆபத்தும் உண்டு. ஏன்னு சொல்லணும்னா நூத்தம்பது வருஷத்துக் கதை சொல்லணும். அதுல ஒரு பங்கு நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துலயே நடந்திருக்கு. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க :-)

முதல்ல, மெர்ல்னா என்ன?

ஒரு கருப்பு நாயை எடுத்துக்குங்க. அதோட உடம்புல அங்கங்கே கருப்பு நீர்த்துப் போய் சாம்பலா மாறி, நடு நடுவே மட்டும் அசல் கருப்பு திட்டுத் திட்டா மிச்சம் இருந்தா அது 'நீல மெர்ல்'. செவலை நாய்க்கு இப்படி ஆனா 'சிவப்பு மெர்ல்'. அந்த நீர்த்துப் போற வேலை கண்ணையும் விடுறதில்ல. ஒரு கண்ணு நீலம், ஒரு கண்ணு பழுப்பு. இல்லைன்னா ஒரே கண்ணுல பாதி நீலம் பாதி பழுப்பு. கோலி, ஷெட்லாண்ட் ஷீப்டாக், ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட், டாஷண்ட், கிரேட் டேன் இதுகள்ல எல்லாம் உண்டு. (கோலி நாய்க்கு கோலிக்குண்டு கண்ணு. நம்ம தமிழுக்கு இது தானா அமைஞ்சது!)

ஒரு குழப்பத்தை இப்பவே தீர்த்துடலாம். நம்ம சிப்பிப்பாறையில சாம்பல் நிற நாய் உண்டு. அது மெர்ல் இல்ல. சாம்பல் சிப்பிப்பாறை உடம்பு பூரா ஒரே சீரா சாம்பல். மெர்ல்னா சாம்பலும் கருப்புமா கிழிச்சு ஒட்டுன மாதிரி இருக்கும். நம்ம பழைய நாட்டு நாய்கள்ல மெர்லுக்குன்னு பேர் போன இனம் எதுவும் இல்ல. ஆனா நிறம் போனா கண்ணும் காதும் என்ன ஆகும்ங்கிற பாடம் நம்ம ஊர்ல மெர்ல் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே நடந்துருச்சு. அதுக்கு ரெண்டு ஊர் போய்ட்டு வரணும்.

ஊர் ஒண்ணு: கோம்பை

போடியில இருந்து தேவாரம் ரோட்டைப் பிடிச்சு, பண்ணைப்புரம் (ஆமா, இளையராஜா ஊரேதான்) தாண்டினா கோம்பை. மலை அப்படியே ஊர் முதுகுல சாஞ்சு நிக்கும். போடி மாதிரியே இதுவும் ஒரு காலத்துல பாளையம். இந்த ஊர் பேர்லதான் கோம்பை நாய்.

செவலை அல்லது பழுப்பு உடம்பு, கட்டையான ரோமம், அகன்ற தாடை. அடையாளம்னு கேட்டா முதல்ல சொல்றது அந்தக் கரிய வாயைத்தான். மூக்கு, உதடு, மூஞ்சி முன்பக்கம் எல்லாம் அடுப்புக்கரி பூசுன மாதிரி இருக்கும். வளத்தது காட்டுப்பன்றி வேட்டைக்கும் மாட்டுப்பட்டி, தோட்டம், வீட்டுக் காவலுக்கும்.

இங்க கவனிக்க வேண்டியது ஒண்ணு. பன்றி வேட்டைக்குப் போற நாய்க்குக் காது கேக்கலைன்னா முதல் நாளே குடல் சரிஞ்சிரும். கண்ணு சரியில்லாத நாய் மலைச்சரிவுல ஓட முடியாது. அதனால நல்லா வேலை செஞ்ச நாய்க்குத்தான் அடுத்த ஈத்து. நிறத்தை யாரும் பாக்கலைன்னு சொல்ல வரல. கருவாய்க்கு மதிப்பு இருந்தது. ஆனா அந்த மதிப்பு நிறம் நிறைஞ்சிருக்கிறதுக்கு. நிறம் இல்லாம போறதுக்கு இல்ல. இந்த வித்தியாசத்தை மனசுல வச்சுக்குங்க.

ஊர் ரெண்டு: ராஜபாளையம்

கோம்பையில இருந்து தெக்க, வருசநாட்டு மலைக்கு அந்தப் பக்கம் அதே மலை அடிவாரத்துல ராஜபாளையம். ஊரைச் சொன்னா நாய் ஞாபகம் வரும், நாயைச் சொன்னா ஊர் ஞாபகம் வரும். 2005 ஜனவரியில இந்திய அஞ்சல்துறை நாய்களுக்குன்னு வெளியிட்ட நாலு தபால்தலையில இதுவும் ஒண்ணு. மத்த மூணு இமாலய ஷீப்டாக், ராம்பூர் ஹவுண்ட், முதோள் ஹவுண்ட்.

ராஜபாளையத்து நாய்க்குச் சொல்ற லட்சணம் என்ன? பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, தங்க நிறக் கண்ணு. கோம்பைக்கு நேர் எதிர். அங்க கரி பூசுன மூக்கு, இங்க நிறமே இல்லாத மூக்கு.

இந்தப் பால் வெள்ளையைக் காப்பாத்த வளர்த்தவங்க என்ன செஞ்சாங்கன்னு படிச்சப்ப மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு. ஒரே ஈத்துல சில குட்டி கருப்புப் புள்ளியோட, சில குட்டி பழுப்பா பிறக்கும். அந்த நிறக்குட்டிகளைப் பிறந்த உடனேயே கொன்னுடுற வழக்கம் முன்னாடி இருந்திருக்கு. வெள்ளை மட்டும் போதும்னு. தலைமுறை தலைமுறையா இப்படிச் சலிச்சு எடுத்த வெள்ளையில ஒரு குறை தங்கிப் போச்சு: பிறவிச் செவிடு. ராஜபாளையம் குட்டி வாங்கப் போறவங்களுக்குப் பெரியவங்க சொல்ற முதல் புத்தியே "காது கேக்குதான்னு பாத்து எடு"ங்கிறதுதான். அதுலயும் கண்ணு நீலமா இருந்தா கூடுதல் எச்சரிக்கை. தங்கக்கண்ணு இருக்கலாம், நீலக்கண்ணுன்னா செவிடா இருக்க வாய்ப்பு அதிகம்னு வளர்க்கிறவங்க கண்டுபிடிச்சு வச்சிருக்காங்க.

எந்த லேபும் இல்லாம, எந்தப் பேப்பரும் படிக்காம, கண்ணுக்கும் காதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு கண்டுபிடிச்சது சாதாரண விஷயமா? இதே சம்பந்தத்தை சார்லஸ் டார்வின் 1859ல வந்த 'உயிரினங்களின் தோற்றம்' புத்தகத்துல பூனையை வச்சு எழுதியிருக்கார். முழு வெள்ளையும் நீலக்கண்ணும் உள்ள பூனைங்க பொதுவா செவிடா இருக்கும்னு. மனுசங்களுக்கும் இதுல பங்கு உண்டு. பெட்ரஸ் வார்டென்பர்க்னு ஒரு டச்சுக் கண் மருத்துவர் 1951ல ஒரு குறைபாட்டை விவரிச்சார். பளிச்சுனு நீலக்கண்ணு, முன்நெத்தியில ஒரு கத்தை வெள்ளை முடி, கூடவே பிறவிச் செவிடு. அவர் பேர்லயே அது இன்னைக்கும் வழங்குது. பூனை, நாய், மனுசன்... மூணு பேருக்கும் ஒரே கதை.

சீமையில நடந்தது

இப்ப கடல் தாண்டி ஒரு எட்டு. பிரிட்டன்ல ஆடு மேய்க்கிற கோலி நாய்கள்ல மெர்ல் ரொம்பக் காலமா இருந்த நிறம். 'மார்பிள்' அதாவது பளிங்குக்கல் மாதிரின்னு சொல்லுவாங்களாம். மேய்ப்பர்களுக்கு அதுல ஆட்சேபணை இல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டுல நாய்க் கண்காட்சி வந்துச்சு. மோஸ்தர் மாறி எல்லாருக்கும் பொன்பழுப்புக் கோலிதான் வேணும்னு ஆச்சு. மெர்ல் குட்டி பிறந்தா தண்ணியில அமுக்கிட்டாங்க.

அப்புறம் 1880கள்ல ஆர்க்ரைட்னு ஒருத்தர் இந்த நிறம் அழிஞ்சு போயிடக் கூடாதுன்னு தேடித் தேடி வளர்த்தார். அவரோட 'ப்ளூ ரூயின்'ங்கிற பெட்டை 1888ல கண்காட்சியில பரிசே வாங்குச்சு. 1890ல அவர் பண்ணையைக் கலைச்சுட்டாலும் நிறம் தப்பிச்சுருச்சு. 1907ல நீல மெர்ல் கோலிக்குன்னே தனிச் சங்கம் ஆரம்பிச்சாங்க. நேத்து வரைக்கும் தண்ணியில போட்ட குட்டிக்கு இன்னைக்கு கோப்பை!

இந்த ரெண்டு கதையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. ராஜபாளையத்துல நிறம் உள்ள குட்டி செத்துச்சு, சீமையில நிறம் நீர்த்த குட்டி செத்துச்சு. ரெண்டு இடத்துலயும் யாரும் குட்டியோட ஆரோக்கியத்தைப் பாத்து முடிவெடுக்கல. ராஜபாளையத்துல நடந்தது இன்னும் கொடுமை. கொன்ன அந்த நிறக்குட்டிகளுக்குத்தான் காது நல்லா இருக்க வாய்ப்பு அதிகம். நல்ல காதைப் புதைச்சுட்டு வெள்ளைத் தோலை வச்சுக்கிட்டாங்க.

கண்ணுக்கும் காதுக்கும் என்னய்யா சம்பந்தம்?

சம்பந்தம் மெலனின். நம்ம தோலுக்குக் கருப்புக் கொடுக்கிற அதே சமாச்சாரம்.

கரு வளரும்போது நிறச் செல்கள் முதுகுத்தண்டுப் பக்கத்துல புறப்பட்டு உடம்பு பூராப் பரவும். தோலுக்குப் போகும், கண்ணோட நிற வளையத்துக்குப் போகும், உள்காதுக்கும் போகும். காதுக்குள்ள நிறம் எதுக்கு, யார் பாக்கப் போறாங்கன்னு கேக்காதீங்க. அங்க அதுக்கு வேலை அழகு காட்டுறது இல்ல. நத்தை ஓடு மாதிரி சுருண்டிருக்கிற உள்காதுல கேக்குற செல்களுக்குத் தேவையான உப்புத் திரவத்தைச் சரியா வச்சிருக்கிற ஒரு திசு இருக்கு. அது உயிரோட இருக்க இந்த நிறச் செல்கள் வேணும். செல்கள் போய்ச் சேரலைன்னா, குட்டி பிறந்து மூணு நாலு வாரத்துக்குள்ள அந்தத் திசு சுருங்கிப் போகும். அதுக்கப்புறம் காது திரும்பாது.

நீலக்கண்ணுல நீலச்சாயம் எதுவும் கிடையாது. சந்தேகமா இருந்தா போடி பஸ் ஸ்டாண்டுல நின்னு மலையைப் பாருங்க. நீலமா தெரியும். பஸ் ஏறி போடிமெட்டு போனா பச்சைதான் இருக்கும், நீலம் எங்கயும் இருக்காது. வெளிச்சம் சிதறுறதால வர்ற நீலம் அது. கண்ணும் ஏறக்குறைய அப்படித்தான். நிற வளையத்துல மெலனின் இருந்தா பழுப்பு. இல்லைன்னா உள்ள போற வெளிச்சம் சிதறி நமக்கு நீலமா தெரியுது. ஆக நீலக்கண்ணுங்கிறது ஒரு நிறம் வந்ததுக்கு அடையாளம் இல்ல, நிறம் வந்து சேராததுக்கு அடையாளம்.

இன்னொரு சுவாரசியம். ராத்திரி தோட்டத்துல டார்ச் அடிச்சா சாதா நாயோட கண்ணு பச்சையா மஞ்சளா மின்னும். விழித்திரைக்குப் பின்னாடி கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கிறதால. மெர்ல் நாயோட நீலக்கண்ணுல பல நேரம் அந்தப் படலமும் இருக்காது, சிவப்பா மின்னும். பேய் பிடிச்ச நாய்னு பயந்துராதீங்க, ரத்தக்குழாயோட சிவப்புதான் அது.

2006: ஜீன் மாட்டுச்சு

மெர்லுக்குக் காரணமான ஜீனைக் கண்டுபிடிச்சது 2006ல. அமெரிக்காவுல டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்துல லீ ஆன் கிளார்க், கீத் மர்ஃபி குழு. ஷெட்லாண்ட் ஷீப்டாக்ல ஆரம்பிச்சுத் தேடுனாங்க. நிறச் செல்லுக்குள்ள மெலனின் படியறதுக்குப் பந்தல் போட்டுக் கொடுக்கிற ஒரு ஜீன் இருக்கு. அதுக்கு நடுவுல வேற எங்கயோ இருந்து ஒரு துண்டு டிஎன்ஏ குதிச்சு வந்து உக்காந்திருக்கு. பந்தல் கோணலாச்சு, நிறம் நீர்த்துப் போச்சு. கோலி, டாஷண்ட், கிரேட் டேன் எல்லாத்துலயும் அதே இடத்துல அதே துண்டு. அப்படின்னா இந்த மெர்ல் எல்லாம் எப்பவோ ஒரே ஒரு மூதாதை நாய்கிட்ட இருந்து வந்ததுன்னு அர்த்தம்.

அந்தத் துண்டுக்கு ஒரு வாலும் இருக்கு. வால் நீளமா இருந்தா நிறம் நல்லா நீர்க்கும். கட்டையா இருந்தா நாய் சாதா நாய் மாதிரியே தெரியும், ஆனா உள்ளுக்குள்ள மெர்ல் இருக்கும். இதை 'மறைஞ்ச மெர்ல்'னு சொல்றாங்க. வெறும் கண்ணால பாத்து "இதுல மெர்ல் கிடையாது"ன்னு அடிச்சுச் சொல்ல முடியாததுக்கு இதுதான் காரணம்.

ஜோடிக் கணக்கு

இப்ப நண்பரோட கேள்விக்கு வருவோம். ஒவ்வொரு ஜீனும் அப்பாகிட்ட ஒண்ணு, அம்மாகிட்ட ஒண்ணு. ஒரு பக்கம் மட்டும் மெர்ல் வந்தா ஒத்தை மெர்ல். ரெண்டு பக்கமும் வந்தா இரட்டை மெர்ல்.

மெர்லோட மெர்ல் சேர்ந்தா, சராசரியா எட்டுக் குட்டியில நாலு ஒத்தை மெர்ல், ரெண்டு சாதா, ரெண்டு இரட்டை மெர்ல். அந்த ரெண்டுதான் பிரச்னை. பெரும்பாலும் வெள்ளையா பிறக்கும், பாக்க அழகா இருக்கும். ஆனா கண்ணே சின்னதா இருக்கலாம், சில குட்டிக்கு இமைக்குள்ள தேடித்தான் கண்டுபிடிக்கணும். பாப்பா நடுவுல இல்லாம கீழ இறங்கியிருக்கும், ஓரம் கிழிஞ்ச நட்சத்திரம் மாதிரி இருக்கும், வெளிச்சத்துக்குச் சுருங்காது. நிற வளையத்துலயோ விழித்திரையிலயோ பிளவு இருக்கும். கண்புரை வரலாம். ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் நாய்கள்ல இது பரம்பரையா எப்படி இறங்குதுன்னு 1981லயே கெலாட் குழுவினர் எழுதியிருக்காங்க.

காதுக்கும் கணக்கு இருக்கு. லூசியானாவுல ஜார்ஜ் ஸ்ட்ரெய்ன் குழு 153 மெர்ல் நாய்களை மூளை அலை வச்சுச் சோதிச்சு 2009ல வெளியிட்டது இது. ஒத்தை மெர்ல்ல ஒரு காது மட்டும் போனது 2.7 சதவீதம், ரெண்டும் போனது 0.9 சதவீதம். இரட்டை மெர்ல்ல ஒரு காது 10 சதவீதம், ரெண்டும் 15 சதவீதம். அதாவது இரட்டை மெர்ல் நாலுல ஒண்ணுக்குக் காது பழுது. ஒத்தை மெர்லைப் பொறுத்தவரைக்கும் பயப்பட ரொம்ப இல்ல. டால்மேஷியன் நாய்ல இதைவிட அதிகம் செவிடு உண்டு.

நண்பர்கிட்ட இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "அப்ப ஒரு பக்கம் மெர்ல், ஒரு பக்கம் சாதா போட்டா?"ன்னார். ஏலக்காய் வியாபாரிய்யா, டக்குனு பிடிச்சுட்டார். அப்படிப் போட்டா பாதி மெர்ல், பாதி சாதா, இரட்டை ஒண்ணுகூட வராது. ஆசைப்பட்ட நிறமும் கிடைக்கும், குருட்டுக்குட்டியும் பிறக்காது. மெர்ல் வேணும்னா மெர்ல் ஜோடி தேவையே இல்ல. இம்புட்டுதான் விஷயம். சாதான்னு நினைக்கிற நாய்க்கு ஜீன் சோதனை மட்டும் பண்ணிடணும், மறைஞ்ச மெர்லா இருந்துடப் போகுது.

பிரிட்டன் கென்னல் கிளப், ரெண்டு மெர்லுக்குப் பிறந்த குட்டிகளை 2013ல இருந்து பதிவு பண்றதில்லைன்னு முடிவெடுத்தது. கோலிக் கண்காட்சி ஆரம்பிச்சு நூறு வருஷத்துக்கும் மேல ஆச்சு இந்த முடிவு வர்றதுக்கு.

நீலம் எல்லாம் மெர்ல் இல்ல

இதைப் படிச்சுட்டு யாரும் வீட்டு ஹஸ்கியை சந்தேகமா பாக்க வேண்டாம். சைபீரியன் ஹஸ்கியோட நீலம் வேற வழியில வர்றது. 2018ல ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களோட டிஎன்ஏவை வச்சுப் பாத்ததுல, வேறொரு குரோமோசோம்ல ஒரு பகுதி ரெண்டு தடவை வந்திருக்கிறதுதான் ஹஸ்கி நீலத்தோட சம்பந்தப்பட்டதுன்னு தெரிஞ்சது. காதுக்குப் பிரச்னை தர்ற மெர்ல் அது இல்ல.

பிறந்த குட்டிக்கு கண்ணு திறக்கிறப்ப எல்லாமே நீலமாத்தான் தெரியும். நாள் ஆக ஆக நிறம் ஏறும். மூணு வாரக் குட்டியைக் காட்டி "நீலக்கண்ணு சார், ரேர் பீஸ்"னு சொன்னா நம்பாதீங்க.

நம்ம ஊருக்கு ரொம்ப முக்கியமானது அடுத்தது. நேத்து வரைக்கும் பழுப்பா இருந்த கண்ணு இன்னைக்கு நீலம் பாரிச்சுதுன்னா அது நிறம் இல்ல, நோய். உண்ணிக் காய்ச்சல் நம்ம பக்கம் நாய்களை வாட்டுற ஒண்ணு. அது கண்ணுக்குள்ள வீக்கம் கொண்டு வந்து கண்ணைக் கலங்க வைக்கும். ஈரலைத் தாக்குற ஒரு வைரஸ் காய்ச்சல்லயும் கருவிழி வீங்கி நீலமாகும். கண்ணுல அழுத்தம் கூடினாலும் அப்படித்தான். தோட்டத்துல கெடக்குற நாய்க்கு உண்ணி ஒட்டாம இருக்காது. "அழகா நீலமாயிருச்சு"ன்னு போட்டோ எடுத்துட்டு இருந்தா கண்ணு போயிரும். பிறவி நீலம் காத்திருக்கும், வந்த நீலம் காத்திருக்காது. அன்னைக்கே டாக்டர்கிட்ட போகணும்.

வேலை போச்சு, நிறம் மிஞ்சுச்சு

திரும்ப நம்ம மலைக்கு வருவோம். 1972ல வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காட்டுப்பன்றி, முயல் வேட்டை எல்லாம் குற்றமாச்சு. காட்டுக்கு அது நல்லது, அதுல ரெண்டாவது பேச்சு இல்ல. ஆனா வேட்டை நாயைச் சலிச்சுக்கிட்டு இருந்த சல்லடையும் அதோட போச்சு. காது கேக்காத நாய் இப்ப காம்பவுண்டுக்குள்ள பத்து வருஷம் வாழும், ஈத்தும் போடும். அப்ப எதை வச்சு நாயைத் தேர்ந்தெடுக்கிறது? கண்ணுக்குத் தெரியிற ஒண்ணே ஒண்ணு நிறம்.

2020 ஆகஸ்ட் 30 வானொலி உரையில பிரதமர் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பைன்னு பேரைச் சொன்னதும் நாட்டு நாய்க்கு மவுசு கூடிச்சு. கர்னால்ல இருக்கிற தேசிய கால்நடை மரபு வள அமைப்பு நாய் இனங்களைப் பதிய ஆரம்பிச்சப்ப முதல் மூணுல ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் இடம் பிடிச்சது. இதெல்லாம் சந்தோஷம்தான். தியடோர் பாஸ்கரன் 2017ல இந்திய நாய்களைப் பத்தி இங்கிலீஷ்ல ஒரு புத்தகமே எழுதியிருக்கார், கிடைச்சா விடாதீங்க. ஆனா மவுசு கூடும்போதுதான் நிறத்துக்கு விலை போடுற பழக்கமும் கூடும். பொமரேனியன், பிரெஞ்ச் புல்டாக் மாதிரி மெர்லே இல்லாத இனங்கள்லகூட கலந்து விட்டு மெர்ல் விக்கிறாங்க. நாளைக்கு யாராவது "மெர்ல் கோம்பை"ன்னு ஒண்ணைக் கூண்டுல வச்சுக் காட்டினா, அது அபூர்வம் இல்ல, கலப்புன்னு புரிஞ்சுக்குங்க.

போடிக்காரங்களுக்கு இதை ஏலக்காயை வச்சுச் சொன்னா சுலபமா விளங்கும். போடியிலயும் மலைக்கு அந்தப் பக்கம் புற்றடியிலயும் ஏலம் நடக்குறப்ப பச்சைக்குத்தான் விலை. ஏன்? நேரத்துல எடுத்து, ஸ்டோர்ல சூட்டைப் பக்குவமா வச்சுக் காயவிட்டாத்தான் பச்சை நிக்கும். வெயில்ல போட்டா வெளுத்துடும். அங்க நிறம் பக்குவத்துக்குச் சாட்சி. அதனாலதான் சாயம் ஏத்துனவனை எல்லாரும் திட்டுறாங்க, பொய்ச் சாட்சிங்கிறதால. நாய்ல நீலக்கண்ணு எந்தப் பக்குவத்துக்கும் சாட்சி இல்ல. நல்ல நாய்க்கும் இருக்கும், கெட்ட வளர்ப்புக்கும் இருக்கும். ஆனா விலை மட்டும் பச்சை ஏலக்காய் மாதிரி போடுறோம்.

வாங்குறதுக்கு முன்னாடி

குட்டி தூங்கும்போது அதுக்குப் பின்னாடி நின்னு சாவிக்கொத்தை ஆட்டுங்க. கை தட்ட வேண்டாம், தரை அதிரும், காத்து அடிக்கும், செவிட்டுக் குட்டியும் திரும்பிடும். கூட்டத்துல சோதிக்காதீங்க, ஒண்ணு ஓடுனா செவிடும் கூட ஓடும். ஒரு காது மட்டும் செவிடுன்னா வீட்டுச் சோதனையில தெரியாது, மூளை அலைச் சோதனைதான் வழி.

கண்ணுக்கு பஞ்சு உருண்டை போதும். சத்தம் வராம கண்ணு முன்னாடி போடுங்க, பார்வை இருந்தா தலை கூடவே போகும். டார்ச் வெளிச்சத்துல பாப்பா வட்டமா இருக்கா, சுருங்குதா, ரெண்டு கண்ணும் ஒரே அளவான்னு பாருங்க. அப்பா அம்மா ரெண்டையும் காட்டச் சொல்லுங்க. ரெண்டும் மெர்லுன்னா, நன்றி சொல்லிட்டு வந்துருங்க. தேனியிலயே கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தாச்சு, ஒரு தடவை காட்டிட்டு வாங்குறதுல நஷ்டம் ஒண்ணுமில்ல.

ஏற்கெனவே வீட்டுல செவிட்டுக் குட்டியோ பார்வை இல்லாத குட்டியோ இருந்தா? அது பாட்டுக்கு வாழும். செவிட்டு நாய்க்குக் கை ஜாடை பழக்கலாம், கூப்பிடணும்னா தரையைத் தட்டினா போதும். பார்வை இல்லாததுக்கு வீட்டுச் சாமானை இடம் மாத்தாம வச்சா மோப்பத்துலயே வீட்டை அளந்துரும். சங்கிலியோ சுவரோ இல்லாம ரோட்டுல விடாதீங்க, ஹாரன் சத்தம் அதுக்குக் கேக்காது. அதை வச்சு ஈத்து எடுக்காதீங்க. அம்புட்டுதான். குறை அந்தக் குட்டியோடது இல்ல, நிறத்துக்காக ஜோடி சேத்தவனோடது.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை வளர்க்கிற மக்கள் யாராவது இதைப் படிச்சா, உங்க ஊர்ல குட்டிக்குக் காது பாக்க என்ன முறை வச்சிருக்காங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. தாத்தா காலத்துக் கைவைத்தியம், கைச்சோதனை எல்லாம் எழுதி வைக்கலைன்னா அவங்களோடயே போயிரும்.

டிஸ்கி: நான் கால்நடை மருத்துவர் இல்லைங்க, நாய்ப் பைத்தியம் மட்டும்தான். கண்ணு சிவந்தாலோ கலங்கினாலோ இந்தப் பதிவைத் திரும்பப் படிச்சுட்டு இருக்காம டாக்டரைப் பாருங்க.